பாட்டி கேமராவைப் பார்த்தாலே விறைத்துப் போகிறார். வயதானவர்களை இயல்பாகப் படம் எடுப்பது எப்படி?

உங்கள் பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வயதில் பலருக்கும் அப்படித்தான். விறைப்புக்குக் கூச்சம்தான் காரணம் என்று இங்கே பதில் சொன்ன எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கென்னவோ காதுதான் காரணம் என்று தோன்றுகிறது. சரியாகக் காது கேட்காதவர்கள் நம் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் பிடிக்கிறார்கள். நாமோ கேமராவால் முகத்தை மூடிக்கொண்டு, "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று முனகுகிறோம். என்ன சொன்னோம் என்றே விளங்காமல், எதற்கு வம்பு என்று அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

என் பெரியம்மாவை எடுத்தபோது கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டு, ரிமோட்டோடு பக்கத்தில் நின்று முகம் பார்த்துப் பேசிக்கொண்டே எடுத்தேன். ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி. சோபா வேண்டாம், உடம்பு உள்ளே அமுங்கிக் கழுத்தே காணாமல் போகும். ஃபிளாஷும் வேண்டாம், கண்புரை இருந்தால் ரொம்பக் கூசும். அவருக்குத் தலை லேசாக ஆடும், அதனால் படம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/250 நொடி. மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பளபளத்தது. கழற்றச் சொல்லவில்லை, அது இல்லாமல் அவர் முகமே வேறு. கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேல் துளி தூக்கிவிட்டேன். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்ததும் பளபளப்பு போய்விட்டது. லென்ஸ் 85 எம்எம், தள்ளி நின்றே முகத்தைப் பெரிதாக எடுக்கலாம். மொபைல் என்றால் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

"பல்லு தெரியாம எடுடா" என்று உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். அப்படியே எடுத்தேன். சிரிக்க வைக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். பொக்கைவாய்ச் சிரிப்பு அழகு என்பது நம் ரசனை, முகம் அவருடையது. படத்தைக் காட்டியதும் கண்ணருகே கொண்டுபோய், வகிடு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். வேறெதையும் பார்க்கவில்லை.

சுருக்கத்தை மழுப்பும் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். அதற்காக, பக்கவாட்டு வெளிச்சம் வைத்து, சுருக்கங்களைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டியை எடிட்டிங்கில் ஏற்றி, கறுப்பு வெள்ளையாக்கி, முகத்தை வறண்டு வெடித்த ஏரி மாதிரி காட்டுவதும் எனக்குப் பிடிக்காது. கலை தெரியாதவன் என்று திட்டுங்கள், பரவாயில்லை. படத்தில் இருப்பவர் அதைத் தன் வீட்டில் மாட்டுவாரா என்றுதான் கேட்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இத்தனை பாடுபட்டு எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெரிதாக பிரின்ட் போட்டுவிட்டு, "உன் கேமரா கிளியராவே இல்லையேப்பா" என்பார்கள். தரம் குறையாமல் இருக்கட்டுமே என்று டாக்குமென்டாக அனுப்பினால் "திறக்கவே மாட்டேங்குது". அக்கா வீட்டுக்காரர் போன வாரமும் கேட்டார். டாக்குமென்டாகத்தான் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதிலைக் காணோம்.