பாக்டீரியா வால், துறைமுகம், ராசிபலன்

கேள்வி: பாக்டீரியாவின் வாலடியில் அச்சு, வளையங்கள் எல்லாம் கொண்ட ஒரு மோட்டார் சுழல்கிறது. ஒரு பாகத்தைக் கழற்றினாலும் ஓடாது. பொறியாளர் இல்லாமல் இது வருமா? உங்கள் நாத்திகத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற பொறியாளர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பொறியாளர் என்றாலே எனக்குப் புதுச்சேரி துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வரும். மறுபடியுமா என்று உதவி ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்கிறார், அடித்துக்கொள்ளட்டும். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்க, கடற்கரைச் சாலையில் கருங்கல்தான் மிச்சம். அங்கே கல் போட்டால் அரிப்பு குருசுக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே ஏறியது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. வரைபடம், டெண்டர், பட்டம் எல்லாம் இருந்தும் இந்த லட்சணம்.

சரி, உயிரியலுக்கு வருவோம். உங்கள் குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு நேராகப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே சுற்றுதான், அத்தனை நீளக் கழுத்தில்! இந்த வயரிங்குக்கு நீங்கள் பில் பாஸ் செய்வீர்களா? மீனில் அது நேர்வழி. கழுத்து நீளநீள, பழைய லைனை மாற்ற ஆளில்லாமல் அதுவும் கூடவே இழுபட்டது.

உங்கள் மோட்டாரின் அடிப்பாகத்துக்கு உறவுக்காரக் கருவி ஒன்று பிளேக் கிருமியிடம் இருக்கிறது. அது சுழல்வதே இல்லை. நம் செல்லுக்குள் நஞ்சை ஊசி போடுகிறது. பாகம் குறைந்தால் வேறு பிழைப்பு, அவ்வளவுதான்.

பொறியாளர் இல்லாமல் இது வராது என்ற இந்த வாதத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, அதைப் பள்ளிப் பாடத்தில் நுழைத்ததை எதிர்த்து 2005இல் அமெரிக்காவில் நடந்த டோவர் பள்ளி வழக்கில் சாட்சி சொன்னார். அறிவியல் கோட்பாட்டுக்கு நீங்கள் தரும் வரையறைப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகிவிடுமே என்று குறுக்கு விசாரணையில் கேட்டதற்கு, ஆமாம் என்றார். இது அறிவியல் இல்லை என்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஜோன்ஸை நியமித்தவர் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். நாத்திகச் சங்கம் அல்ல.

விஷயம் எங்கள் ராசிபலன்காரர் காதுக்குப் போய்விட்டது. எனக்கும் அவருக்கும் என்றைக்குமே ஆகாது. “கோர்ட்டிலேயே ஒத்துக்கிட்டாங்க சார், என் பத்தியை அறிவியல் பக்கத்துக்கு மாத்துங்க” என்று நிற்கிறார். நான் மறுத்த வாரமே கும்ப ராசிக்கு, அதாவது எனக்கு, ‘வீண் பிடிவாதத்தால் பதவிக்கு ஆபத்து’ என்று போட்டுவிட்டார். அடுத்த இதழிலிருந்து அவர் பத்தி மூலக் கடுப்பு லேகிய விளம்பரத்துக்குக் கீழே வரும்.