பாதிப் பெற்றோருக்குச் செய்தியே போய்ச் சேருவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் தரம் 4 வகுப்பாசிரியை. 32 பிள்ளைகள். வட்ஸ்அப் குழு தொடங்கினேன். 19 பேர்தான் சேர்ந்தார்கள். அதிலும் காலை வணக்கப் படங்கள்தான் நிறைகின்றன. கூட்டத்துக்கு வராதவர்களைக் கேட்டால் "தெரியாது ரீச்சர்" என்கிறார்கள். எந்தச் செயலி நல்லது?

பதில்: செயலியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கொப்பி எடுங்கள்.

பாடசாலைப் பதிவில் இருப்பது பெரும்பாலும் அனுமதி எடுத்த நாளில் தந்த இலக்கம். சிம் மாறியிருக்கும், இல்லாவிட்டால் அது வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுடையது, பிள்ளையைப் பார்ப்பதோ அம்மம்மா. ஆகவே பிள்ளைக்கு ஒரு வரி: பிள்ளையை உண்மையில் பார்ப்பவர் யார், போன் யாருடையது, பட்டன் போனா தொடுதிரையா, எத்தனை மணிக்கு எடுப்பார். வாசிக்கத் தெரியுமா என்று நேரே கேட்காதீர்கள். "மெசேஜ் போடவா, கோல் எடுக்கவா?" என்றால் பதில் தானாக வரும். இலக்கத்தை எழுதியதும் அவர் முன்னாலேயே ஒரு மிஸ்ட் கோல் கொடுத்துப் பாருங்கள்; பிழையான இலக்கங்கள் அந்த இடத்திலேயே பிடிபடும். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் இதைத் திரும்பச் செய்யவேண்டும்.

இப்போது 32 பேரும் மூன்று கூட்டமாகப் பிரிவார்கள்.

வட்ஸ்அப் உள்ளவர்களுக்குக் குழுவைவிட புரோட்காஸ்ட் பட்டியல் நல்லது. குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் பலர் உள்ள ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. குழுவில் சேரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புரோட்காஸ்டில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒரு பொறி உண்டு: உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமிக்காதவருக்கு அது போகவே போகாது. பெற்றோர் கூட்டத்தில் போனை வாங்கி நீங்களே "தரம் 4 ரீச்சர்" என்று சேமித்துக் கொடுத்துவிடுங்கள். குழுவைக் கலைக்க மனமில்லையென்றால், அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைப்பை மாற்றுங்கள். காலை வணக்கம் அன்றோடு நிற்கும்.

எழுதுவதைவிடக் குரல் பதிவு நன்றாக வேலை செய்யும். 40 செக்கன் போதும். யார் பேசுகிறேன், என்ன, எப்போது, என்ன கொண்டுவர வேண்டும். கடைசியில் திகதியை இன்னொரு முறை. மூன்று நிமிடம் பேசினால் கடைசி வரை கேட்கமாட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று பதிவு செய்தால் இரைச்சல்தான் கேட்கும்.

பட்டன் போன்காரருக்கு எஸ்.எம்.எஸ். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் ஓர் எழுத்து வந்தாலே முழுச் செய்திக்கும் 70 இடம்தான். அதற்கு மேலே போனால் இரண்டு செய்தியாக உடையும், காசும் இரண்டு. குறிலோ நெடிலோ, புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும்: "பெற்றோர்" நமக்கு நாலெழுத்து, போனுக்கு எட்டு. "வணக்கம் அன்பான பெற்றோரே" என்று தொடங்கினால் 23 இடம் போய்விடும், மூன்றிலொரு பங்கு. மரியாதையை நேரில் காட்டிக்கொள்ளலாம். இப்படி எழுதுங்கள்:

"புதன் காலை 9க்கு பெற்றோர் கூட்டம். கட்டாயம் வரவும். -தரம் 4"

59 இடம். அனுப்புமுன் ஒரு பழைய பட்டன் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். சில பழைய போன்களில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அந்த வீடுகளுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள், அல்லது கோல்.

மூன்றாவது கூட்டம் கோல் மட்டும். காலபோக அறுவடைக் காலத்தில் பகலில் எடுத்தால் போன் வீட்டிலிருக்கும், ஆள் வயலிலிருப்பார். கடற்கரைப் பக்கம் கரைவலை இழுக்கும் வீடுகளுக்கு வேறு நேரம். அதற்குத்தான் கொப்பியில் அந்த நேரக் கட்டம். வருகிற கோலுக்குப் பெற்றோருக்குக் காசு போகாது என்பதால், "மிஸ்ட் கோல் தாங்கோ, நான் எடுக்கிறன்" என்ற ஏற்பாடு நன்றாக ஓடும். ரீலோட் செலவை மாதச் சம்பளத்தில் சுமக்க வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசிப் பாருங்கள். முதல் கோல் முறைப்பாடாக இருந்தால் அடுத்த தடவை உங்கள் இலக்கத்தைக் கண்டதும் எடுக்கமாட்டார்கள். பிள்ளை வாசிப்பில் முன்னேறியதைச் சொல்லித் தொடங்குங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் அப்பாவுக்கும் அதே குரல் பதிவை அனுப்பலாம். கட்டாரிலோ சவூதியிலோ நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு 7.30 அங்கே மாலை 5. ஆனால் அவருக்கு அனுப்பிவிட்டோம் என்று அம்மம்மாவை விட்டுவிடக்கூடாது.

புள்ளிப் பட்டியல், வரவு, கட்டணப் பாக்கி, பிள்ளையின் நோய் எதையும் பொதுவில் போடாதீர்கள். அது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். தனியாள் தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கடைசிப் புள்ளி எடுத்த பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வரவேண்டுமே. தவறிப் போட்டுவிட்டால் செய்தியை அழுத்திப் பிடித்து 'எல்லோருக்கும் அழி' கொடுங்கள்; இரண்டு நாளுக்குள் செய்தால் சரி.

இரவு பத்துக்குக் கோல் வருகிறதென்றால் இரண்டாவது சிம்மில் வட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அதில் வரும் மெசேஜுக்கு 'மாலை 4 முதல் 7 வரை பதில் தருவேன்' என்று தானாகப் பதில் போக வைக்கலாம். அந்த சிம்முக்கு இடையிடையே ரீலோட் போட மறக்காதீர்கள். நீண்ட நாள் சும்மா கிடந்தால் துண்டித்துவிடுவார்கள், 32 வீட்டிலும் திரும்ப இலக்கம் மாற்ற வேண்டிவரும்.