வாசகர் கேள்வி–பதில்: சம்பளத் தேதியும் சாட்சிதான்

இந்த மாதக் கேள்விகளில் ஆலயத்துக்குள் நடப்பதைப் பற்றியவை குறைவு. வீட்டிலும் தெருவிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் எப்படி நடந்துகொள்வது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். சகல மனுஷராலும் வாசிக்கப்படுகிற நிருபம், அதாவது கடிதம், நாம் என்கிறார் அப்போஸ்தலர் பவுல். அதை முதலில் வாசிப்பவர்கள் நம்மை நம்பிப் பிழைப்பவர்களும் நம்மோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களும்தான். ஆகவே பதில்களைத் தொகையும் தேதியுமாகவே சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக ஓர் அக்கா வேலை செய்கிறார். மாதம் 6,000 ரூபாய். 8, 10 தேதிக்குத்தான் கொடுக்க முடிகிறது. வராத நாளுக்குப் பிடித்துக்கொள்வோம். கூலிக்காரனின் கூலி பற்றிய பிரசங்கம் கேட்டதிலிருந்து மனசு உறுத்துகிறது. என்னென்ன மாற்ற வேண்டும்? — வாசகி, தாம்பரம்

முதலில் தேதியை மாற்றுங்கள். கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்கிறது லேவியராகமம் 19:13. பொழுது போவதற்குள் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை எதிர்பார்த்திருக்கிறான் என்கிறது உபாகமம் 24:15. அவருக்கு வீட்டு வாடகை 5-ம் தேதி என்றால், உங்கள் 10-ம் தேதிச் சம்பளம் அவரை ஐந்து நாளைக்குக் கைமாத்து வாங்க வைக்கிறது. அந்த வட்டியை அவர்தான் கட்டுகிறார். இந்த மாதம் மட்டும் எப்படியாவது ஒரு சம்பளத் தொகையைச் சேர்த்துத் தனியே எடுத்து வையுங்கள். அதன்பிறகு உங்கள் கணவரின் சம்பளம் எப்போது வந்தாலும் அந்த அக்கா கையில் 1-ம் தேதி பணம் இருக்கும். வந்ததும் எடுத்த தொகையைத் திரும்ப வைத்துவிட்டால் போதும்.

அடுத்தது விடுப்பு. 6,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 200. மூன்று நாள் காய்ச்சலுக்கு 600 ரூபாய் பிடித்தால், மருந்துக்குப் பணம் தேவைப்படும் வாரத்தில் வருமானத்தை வெட்டுகிறீர்கள். உங்கள் கணவரின் அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு உண்டல்லவா? வாரம் ஒரு நாள் ஓய்வு, அதுபோக வருஷத்துக்கு 12 நாளாவது சம்பளத்தோடு விடுப்பு என்று சொல்லிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு நோட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், வருஷம் எந்த மாதம் சம்பளம் கூடும் என்பதும் அதில் இருக்கட்டும். விருந்தாளிகள் வந்து பாத்திரம் இரட்டிப்பானால் அன்றைக்குத் தனிக் கூலி. இதைத்தான் பல வீடுகள் மறந்துவிடுகின்றன.

முன்பணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், ஆனால் அதை வைத்து அவரைக் கட்டிப்போடாதீர்கள். 6,000 கொடுத்தால் மாதம் 500 வீதம் 12 மாதம். "கடன் தீரும்வரை வேறு வீட்டுக்குப் போகக் கூடாது" என்ற பேச்சு வந்த நிமிஷமே அது உதவி இல்லை, அடிமைத்தனம். போனஸ் ஒரு மாதச் சம்பளம் கொடுங்கள். அவர் கிறிஸ்தவர் இல்லையென்றால் அதை கிறிஸ்துமஸுக்குக் கொடுக்காமல் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கொடுங்கள். செலவு அவருக்கு அப்போதுதான். பழைய புடவை கொடுப்பது வேறு கணக்கு, அதைப் போனஸில் சேர்க்கக் கூடாது. அவர் கிறிஸ்தவர் என்றால், நீங்கள் ஆராதனைக்குக் கிளம்பும் ஞாயிறு காலையில் அவர் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் பதியலாம். படிவம் நிரப்ப, சான்று கொடுக்க அரை நாள் அவரோடு போய் வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அடுப்படி ஜன்னலில் அவருக்கென்று கவிழ்த்து வைத்த தனி டம்ளர் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இயேசுவின் கடைசிப் பந்தியை நினைத்துப் பகிரும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்கிற நாம், வீட்டில் டம்ளரைப் பிரித்து வைப்பது அந்தப் பந்தியையே மறுதலிப்பது. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொரிந்து சபையைக் கேட்டதும் திருவிருந்தைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் (1 கொரிந்தியர் 11:22).

மாதச் சம்பளம் 45,000. தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, 4,500 தவறாமல் சபைக்குக் கொடுக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதம் 3,000 ஆகிறது. அண்ணன்தான் கட்டுகிறார், இப்போது அவருக்கும் சிரமம். கர்த்தருடைய பங்கில் கை வைக்கலாமா? — வாசகர், மதுரை

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: மீதி 40,500-ல் அம்மாவின் 3,000-க்கு ஏன் இடமில்லை? அந்த 40,500 எங்கே போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வண்டித் தவணை, வெளிச்சாப்பாடு, பயன்படுத்தாத சந்தாக்கள் என்று பெரும்பாலும் 3,000 அங்கேயே கிடைத்துவிடும். மாத்திரைச் செலவை வீட்டு வாடகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பணம் மிஞ்சினால் கொடுப்பது என்ற வரிசையில் அது வராது.

உண்மையாகவே இடமில்லை என்றால், அம்மாவுக்குத்தான் முதலில். பெற்றோருக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7:9–13-ல் இருக்கிறது. அவர்களும் காணிக்கையில் குறை வைக்காதவர்கள்தான். தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்ற 1 தீமோத்தேயு 5:8 விதவைகளைப் பற்றிய அதிகாரத்தில் வருகிறது. மூன்றாம் வருஷத் தசமபாகத்தில் ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்கிறது உபாகமம் 14:28–29. உங்கள் அம்மாவும் விதவைதானே?

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். ஒருவனிடத்தில் உள்ளதற்குத் தக்கதாகவே அது அங்கீகரிக்கப்படும் (2 கொரிந்தியர் 8:12). "விதை விதையுங்கள், நூறு மடங்கு வரும்" என்று டிவியில் கணக்கு எண் காட்டுபவர்களுக்கு ஒரு பைசாவும் அனுப்ப வேண்டாம்.

கொடுக்கும் பழக்கம் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் என்றால், திருநெல்வேலிச் சபைப் பெண்கள் காட்டிய வழி இருக்கிறது. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசி. ஒரு பிடி சுமார் 50 கிராம்; இரண்டு வேளை உலை வைத்தால் மாதம் 3 கிலோ. சமைத்து மிஞ்சியதைக் கொடுப்பதில்லை, அடுப்பில் ஏறுமுன்பே எடுப்பது. இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளை நம்பித்தான் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் இந்தியப் பணம், இந்திய ஆட்கள் என்ற உறுதியோடு தொடங்கியது.

தம்பி வீடும் என் வீடும் ஒட்டியவை. இரண்டடிச் சந்து யாருக்கு என்று நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரே ஆலயம், ஒரே திருவிருந்து. சமாதானமாக வேண்டும் என்று ஆசை. எங்கே தொடங்குவது? — வாசகர், சாயர்புரம்

மத்தேயு 18:15–17 படிப்படியாகவே சொல்கிறது. ஆனால் நாம் அதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம்: முதலில் கமிட்டிக்குச் சொல்வது, பிறகு சொந்தக்காரர்களுக்கு, சம்பந்தப்பட்டவனிடம் மட்டும் சொல்வதே இல்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதை 'ஜெபக்குறிப்பாக' வைப்பது இன்னும் மோசம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் கோள் கோள்தான். இதுவரை அப்படிச் சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

போவதற்கு முன் பத்திர நகல், பட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள், ஆனால் கையில் கொண்டு போகாதீர்கள். காகிதத்தைப் பார்த்ததும் அவர் வழக்குக்குத் தயாராகிவிடுவார். "நாளைக்குக் காலையில் வரட்டுமா?" என்று முந்தின நாள் ஒரு வார்த்தை கேளுங்கள். வாட்ஸ்அப்பில் விஷயத்தைத் தொடங்காதீர்கள், அது பத்து பேருக்குப் போகும். ஞாயிறு ஆராதனை முடிந்த நேரமும் வேண்டாம், வாசலில் நிற்பவர்கள் முன் யாரும் இறங்கி வரமாட்டார்கள். வசனம் சொல்வதும் அப்படியே, "நீயும் அவனும் தனித்திருக்கையில்". மனைவியையும் மகனையும் கூட்டிப் போக வேண்டாம்.

போய் உட்கார்ந்ததும், நீங்கள் செய்த தப்பில் ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஏதாவது மனசு நோகிறமாதிரி செய்திருந்தால் மன்னிச்சிடு" என்பது மன்னிப்பு இல்லை. "உன் மகள் கலியாணத்துக்கு வராமல் இருந்தது தப்பு தம்பி" என்பதுதான் மன்னிப்பு. அதற்குப் பிறகு 'ஆனால்' என்ற சொல் வரக் கூடாது. வந்தால் முன்னே சொன்னது அத்தனையும் கரைந்துவிடும். அவர் கோபமாகப் பேசினால் பேசி முடிக்க விடுங்கள். அன்றைக்கே சந்தை அளக்க வேண்டாம். உறவு பேசும் நாளும் அளவு பேசும் நாளும் வேறுவேறாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று முறை போயும் ஒத்துவரவில்லை என்றால் ஒருவரையோ இருவரையோ கூட்டிப் போங்கள். அவர்கள் தம்பியும் மதிக்கிற ஆட்களாக இருக்க வேண்டும். உங்கள் மைத்துனரைக் கூட்டிப் போனால் அது சாட்சி இல்லை, படை. அதன்பிறகுதான் சேகரகுருவும் (உங்கள் போதகர்) சபையும். அங்கேயும் முடியாவிட்டால் ஆயக்காரனைப் போல, அதாவது அன்று ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவனைப் போல, எண்ணு என்கிறது வசனம். இயேசு ஆயக்காரரோடு பந்தியிருந்தார்; இதை எழுதிய மத்தேயுவே ஆயக்காரர்தான். ஆகவே அதற்கு வாசலை அடைப்பது என்று பொருள் கொள்ளாதீர்கள்.

ஒத்து வந்தால் அளவையர் வைத்து அளந்து, எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகள் காலத்தில் மறுபடி கிளம்பாமல் இருக்க அதுதான் வழி. எழுதிக் கேட்பது அன்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

இந்த வழிமுறை சகோதரர் சண்டைக்கு மட்டும்தான். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் "தனியே போய்ப் பேசும்மா" என்று யாரும் சொல்லக் கூடாது. அவருக்கு முதலில் பாதுகாப்பான இடம், 181 என்ற பெண்கள் உதவி எண், கூட நிற்க ஆள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் சபையாரைப் பார்க்கப் போகும்போது என்ன பேசுவது, எவ்வளவு நேரம் இருப்பது? — பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், மார்த்தாண்டம்

பத்து நிமிஷம், அதிகம் போனால் பதினைந்து. இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். நின்றபடி பேசினால் படுத்திருப்பவர் கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கும், ஸ்டூல் இருந்தால் உட்காருங்கள். கட்டிலில் உட்காரக் கூடாது. "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிஷம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். வாசிக்க 121-ம் சங்கீதம் போதும், எட்டே வசனம்.

இதே வியாதியில் செத்தவர்களின் கதை வேண்டாம். எந்தப் பாவத்தால் வந்தது என்ற ஆராய்ச்சி வேண்டவே வேண்டாம். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று யோவான் 9:3-ல் அந்தக் கேள்விக்கு இயேசு பதில் சொல்லிவிட்டார். "விசுவாசித்து மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொல்பவரை வார்டுக்குள் விடாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் உயிர் போகும்.

படுத்திருப்பவரைவிடக் களைத்திருப்பவர் துணைக்கு இருப்பவர். ஒரு ராத்திரி அவருக்குப் பதிலாக நீங்கள் தங்குங்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, காப்பீட்டு அட்டை நகல் எடுத்துக் கொடுப்பது, ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பது என்று சங்கத்தில் பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் பட்டியல் மூன்றாம் வாரத்திலிருந்து தொடங்கட்டும்.

பக்கத்து வீட்டார் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிறார்கள். வாங்கலாமா? — வாசகி, வேலூர்

இரண்டு கையாலும் வாங்குங்கள். முன்னே வைப்பதை விசாரியாமல் சாப்பிடச் சொல்கிறார் பவுல். படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 10:27–28). அப்படி விடுவதானாலும் முகம் சுளிக்காமல், அன்பாகச் சொல்லி. பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் ஏதாவது போட்டுக் கொடுங்கள்.

மகளுக்கு வரன் முடிவாகிவிட்டது, ஆலயத்தில் ஓலை (கலியாண அறிவிப்பு) வாசிக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை, "உங்க பிள்ளைக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க" என்கிறார்கள். இது வரதட்சணை ஆகுமா? — வாசகி, நாசரேத்

நாகரிகமாகக் கேட்பதும் கேட்பதுதான். எவ்வளவு என்று சொல்லாததால், நீங்களே பயந்து அதிகமாகச் செய்வீர்கள். ஓலை வாசிக்கும் முன்பே, மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கையில், "நாங்கள் போடுவது இவ்வளவு, அதுவும் மகள் பெயரில், ரொக்கம் கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, பத்திரிகை கொடுத்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியபின் பேசினால் உங்கள் குரல் தாழ்ந்துவிடும். பதில் கசந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கடன்பட்டு, நிலத்தை விற்றுச் செய்யாதீர்கள்.

1961-ம் வருஷ வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். தண்டனை 5 வருஷத்துக்குக் குறையாத சிறை. கேட்காமல் விரும்பித் தரும் அன்பளிப்புக்கு 1985-ம் வருஷ விதிகள் ஒரு பட்டியல் கேட்கின்றன: என்ன பொருள், மதிப்பு ஏறத்தாழ எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு. கீழே பெண், மாப்பிள்ளை இருவரின் கையெழுத்து. பெண்ணுக்கு வந்ததன் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். நகையின் எடையையும் ரசீது எண்ணையும் சேர்த்து எழுதி, நகலை உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.