ஸ்னெட்டிஷமில் ஏன் பறவை இல்லை? – கடிதம்

வணக்கம் ஐயா,

இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டம், கிங்ஸ் லின் ஊருக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஊரில் இருந்தவரை வேடந்தாங்கலுக்கும் பழவேற்காட்டுக்கும் தவறாமல் போவேன். பறவை பார்க்க நார்ஃபோக்கை விட்டால் வேறு இடமில்லை என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி போன ஞாயிறு கடற்கரையில் இருக்கும் ஸ்னெட்டிஷம் பறவைச் சரணாலயத்துக்குப் போனேன். பகல் 12 மணி, நல்ல வெயில். கண்ணுக்கு எட்டிய வரை சேறு, தூரத்தில் சில புள்ளிகள். அவ்வளவுதான். இணையத்துப் பட்டியல்களில் ஏகப்பட்ட இடங்கள் இருக்கின்றன. எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. கார் இல்லை, எப்போதாவது நண்பர் தன் காரில் வருவார். குளிர்காலம் வருகிறது. எங்கே போவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

ம., கிங்ஸ் லின்

அன்புள்ள ம.,

நீங்கள் போன இடத்தில் குறையில்லை. அன்றும் அங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள் இருந்திருக்கும், ஆனால் வெகுதூரம் தள்ளி, நீர் விளிம்பை ஒட்டி. வேடந்தாங்கலில் பருவத்தில் பறவை கூட்டோடு கட்டுண்டு கிடக்கிறது. எப்போது போனாலும் மரத்தில் இருக்கும். நார்ஃபோக்கின் குளிர்காலப் பறவைக்குக் கூடு கிடையாது. இரை எடுக்க ஓர் இடம், ஒதுங்க ஓர் இடம், இரண்டுக்கும் நடுவே பறந்துகொண்டிருக்கும். அதனால் இங்கே இடத்தின் பெயரை மட்டும் குறித்துவைத்துப் பயனில்லை. எந்த ஓதத்தில் (கடல் ஏறி இறங்கும் கணக்கில்), எந்தக் காற்றில், எந்த மணிக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஸ்னெட்டிஷமையே எடுத்துக்கொள்வோம். வாஷ் வளைகுடாவின் சேற்றுப் பரப்பில் நாட் என்கிற உள்ளான்கள் சிறு சிப்பிகளைத் தின்கின்றன. கிரீன்லாந்திலிருந்தும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்தும் வருபவை அவை. கடல் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகளும் கரையை நோக்கி நெருக்கப்படும். சின்ன ஏற்றமாக இருந்தால் கொஞ்சம் சேறு மிஞ்சிவிடும், அவை அங்கேயே நின்றுகொள்ளும். பெரிய ஏற்றத்தில் சேறு முழுக்க மூழ்கிவிடும். அப்போதுதான் மொத்தக் கூட்டமும் எழும்பி, உங்கள் தலைக்கு மேலாகக் கரையைத் தாண்டி, பின்னால் இருக்கும் சரளைக்கல் தோண்டிய பழைய குளங்களில் வந்து இறங்கும்.

பெரிய ஏற்றம் அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் வரும். வாஷில் அது எப்போதுமே காலை 6 முதல் 8 மணி வாக்கிலும், மாலையில் அதே நேரத்திலும்தான். அடுத்தடுத்த நாட்களில் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், உயரமும் குறைந்துகொண்டே வரும். ஆகவே நடுப்பகலில் வருகிற ஏற்றம் சின்னதாகத்தான் இருக்கும். நீங்கள் ஞாயிறுதோறும் 12 மணிக்கே போனால் வருடம் முழுக்கப் போனாலும் அந்தக் காட்சி கிடைக்காது.

ஓத அட்டவணைகள் பலவும் கிரீனிச் நேரத்தில் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் கோட்டை விடுபவர்கள் நிறைய. அந்தச் சரணாலயத்தை நடத்தும் ஆர்எஸ்பிபி என்கிற பறவைப் பாதுகாப்புச் சங்கம், ஏற்றம் போதுமான உயரத்துக்கு வரும் நாட்களைத் தன் தளத்தில் பட்டியலாகவே போடுகிறது. அதிலிருந்து உங்கள் விடுமுறைக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் விளிம்பில் இருக்கும் நாள் என்றால் வானிலையையும் பாருங்கள். வடக்கிலிருந்து காற்று அடித்தால் நீர் கணக்கைவிட உயரும், காற்றழுத்தம் மிகுந்த அமைதியான நாளில் தாழும்.

உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் நடை. உச்சத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் முக்கியம். அந்த நேரத்தில் கரைமேட்டில் கடலைப் பார்த்து நில்லுங்கள். கூட்டம் தலைக்கு மேல் போன பிறகு குளத்தோரத்து ஹைடுக்குள், அதாவது பறவை பார்க்கும் மறைவுக் குடிலுக்குள், நுழையலாம். முதலிலேயே ஹைடுக்குள் உட்கார்ந்துகொள்பவர்கள் பாதியை இழக்கிறார்கள். கரை மேற்குப் பார்த்தது. காலையில் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், மாலையில் கண்ணைக் கூசும். இரண்டில் ஒன்று என்றால் காலையைத் தேர்ந்தெடுங்கள்.

அதே கரைமேட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை, ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வந்த இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் இரவைச் சேற்றில் கழித்துவிட்டு விடியலில் வயல்களுக்குப் பறக்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னதாக நிற்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவை நிலா வெளிச்சத்திலேயே மேயப் போய்விடும், விடியலில் ஒழுங்கான அணிவகுப்பு இருக்காது. எனவே அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளுக்குள் உங்களுக்கு விடுமுறை வாய்த்தால் அதை விட்டுவிடாதீர்கள். இருட்டான இரவு, விடியலில் வாத்து, அதன்பின் நல்ல ஏற்றத்தோடு உள்ளான்கள் என ஒரே காலையில் எல்லாம் அமையும். நண்பரின் காரை இந்த நாளுக்காகவே கேட்டு வையுங்கள். பேருந்து ஊருக்குள்தான் நிற்கும், கடற்கரை அங்கிருந்து வெகுதூரம், அந்த நேரத்துக்குப் பேருந்தும் கிடைக்காது.

வாத்துகளைப் பகலில் பார்க்க வேண்டுமென்றால் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் பயிரிட்ட வயல்களைத் தேடுங்கள். இயந்திரம் கிழங்கை எடுத்துப்போன பின் இலையும் கொண்டையும் தரையில் கிடக்கும். அறுவடை முடிந்து இன்னும் உழாத வயல்தான் வேண்டும். உழுதுவிட்டால் மறுநாளே கூட்டம் இடம் மாறிவிடும், சென்ற வாரம் யாரோ சொன்ன வயலில் இந்த வாரம் ஒன்றும் இருக்காது. வயலுக்குள் இறங்காதீர்கள், காருக்குள்ளிருந்தே பாருங்கள். விரட்டப்பட்ட வாத்துகள் பக்கத்துக் கோதுமைப் பயிரில் போய் இறங்கும், நஷ்டம் விவசாயிக்கு. வயல் வாசலை மறித்து வண்டி நிறுத்துவதும் கூடாது.

கார் இல்லாத வாரங்களுக்கு டிச்வெல். கிங்ஸ் லின்னிலிருந்து ஹன்ஸ்டன்டன் வழியாகக் கடற்கரையோரம் வெல்ஸ் என்ற ஊருக்குப் போகும் பேருந்து அங்கே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒரே நேர்ப்பாதையில் நன்னீர்ச் சதுப்பு, உவர்ச் சதுப்பு, கடற்கரை மூன்றும் வரிசையாக வரும். ஏற்றம் எப்படி இருந்தாலும் ஏதாவது ஒன்றில் பறவை இருக்கும். ஓதம் ஒத்துவராத நாளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அக்டோபரில் காற்றையும் பார்க்க வேண்டும். கிழக்கு, தென்கிழக்குக் காற்றோடு மழையும் சேர்ந்தால் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வட கடலைத் தாண்டுகிற சின்னப் பறவைகள் இந்தக் கரையில் வந்து விழும். அடுத்த காலை வெல்ஸ், ஹோல்கம் பைன் காடுகளுக்குப் போங்கள். மரம் மரமாகத் தேடாதீர்கள். நீள்வால் டிட் என்கிற சிறு குருவிக் கூட்டத்தின் குரலைப் பிடித்து, அதன் பின்னாலேயே மெதுவாக நடங்கள். சைபீரியாவிலிருந்து வழிதவறி வரும் மஞ்சள்புருவக் கதிர்க்குருவி பெரும்பாலும் அந்தக் கூட்டத்தோடுதான் திரியும். மேற்குக் காற்றும் தெளிந்த வானமுமாக இருந்தால் அதே காடு வெறிச்சென்றிருக்கும். வடக்குக் காற்று பலமாக அடித்தால் கிளே கடற்கரை. ஸ்குவா போன்ற கடற்பறவைகள் கரைக்கு அருகே ஒதுக்கப்படும். கிளே சதுப்பு 1926-ல் பறவைகளுக்காகவே வாங்கப்பட்டது, இங்கிலாந்தின் மாவட்ட வனவிலங்கு அறக்கட்டளைகளெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

மாலை நேரம் மட்டும் ஓய்வு என்றால் ஹிக்லிங் அருகே ஸ்டப் மில் என்கிற பழைய ஆலை. உங்கள் ஊரிலிருந்து மாவட்டத்தின் மறுகோடி, கார் அவசியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சேற்றுப் பூனைப்பருந்துகள் நாணலில் அடைய வரும், கிரேன் என்கிற பெருங்கொக்குகளும் வரும். பல நூற்றாண்டுகளாக இங்கே இல்லாமல் போயிருந்த கிரேன் 1979-ல்தான் ஹிக்லிங் பக்கம் திரும்பி வந்தது. டிசம்பரில் சூரியன் மாலை 3:40 வாக்கில் மறைந்துவிடும், இரண்டேகால் மணிக்கே அங்கே நிற்க வேண்டும். ஆலையடியில் வண்டி நிறுத்தக் கூடாது. சரணாலயத்து நிறுத்துமிடத்தில் விட்டு நடக்க வேண்டும். திரும்பும்போது கும்மிருட்டு, டார்ச்சும் ரப்பர் பூட்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் ஓர் இடத்துக்கு 250 இனம் என்று போட்டிருந்தால் அது பல வருடம் சேர்ந்த கணக்கு. மொத்தத்தை விட்டுவிட்டு, வாரவாரியான பட்டை வரைபடத்தைத் திறந்து, நீங்கள் போகும் வாரத்துக்கான பட்டை தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத இடங்களைக் கண்டுபிடிக்க ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற நில அளவை நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் 250-ஐ வாங்குங்கள், மாவட்டத்தின் வடமேற்குக் கடற்கரை அதில் இருக்கிறது. பச்சைக் கோடுகளாகப் போட்டிருப்பது பொதுவழி, தனியார் நிலமானாலும் நடக்கலாம். கறுப்புக் கோட்டுப் பாதைக்கு அந்த உரிமை கிடையாது. பச்சைக் கோடு ஒரு பழைய சரளைக் குழியையோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையோ தொட்டுச் செல்கிறதா என்று தேடுங்கள். கழிவுநீர்த் தொட்டிகளைச் சுற்றிக் கடுங்குளிரிலும் பூச்சி இருக்கும், அதைத் தேடி வாலாட்டிகளும் கதிர்க்குருவிகளும் வரும். கிங்ஸ் லின்னிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் இப்படி ஒன்றைப் பிடித்து வாராவாரம் போனால், மாற்றம் உங்கள் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

வடக்குக் கரையின் உவர்ச் சதுப்புக்குள் தனியாக இறங்காதீர்கள். கடல் எதிரே இருந்து வராது. வளைந்து வளைந்து ஓடும் ஓடைகள் முதுகுக்குப் பின்னால் நிரம்பி வழியை அடைத்துவிடும்.

மார்ச் நடுவில் தெற்கே பிரெக்லாந்தில் வீட்டிங் ஹீத் மணற்புல்வெளிக்குக் கல்-கர்லூ வந்து சேரும். நம் ஊர்க் கண்கிலேடியின் நெருங்கிய உறவு அது, அதே பெரிய மஞ்சள் கண். காலை சீக்கிரமோ சாயங்காலமோ போங்கள். பகலில் தரைச்சூடு ஏறினால் கானலில் டெலஸ்கோப்புக்குள் எல்லாம் நெளியும். ஹைடிலிருந்து மட்டுமே பாருங்கள். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பறவையைத் தொந்தரவு செய்வது 1981-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.