ஜோசியமா, கணக்கா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எஸ்பிடி2349-56 என்ற வெகுதூரக் கேலக்ஸிக் கூட்டத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியில் 14 கேலக்ஸிகளை (விண்மீன் மண்டலங்களை)ப் பார்த்துவிட்டு, அது பிற்பாடு பெரிய கேலக்ஸிக் கொத்தாக ஆகியிருக்கும் என்கிறீர்கள். இது ஜோசியம் இல்லையா? தேவனாம்பட்டினம் கடற்கரையில் தொலைநோக்கி வைத்தால் இப்படி ஏதாவது தெரியுமா?

– ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி நியாயமான சந்தேகம். அது வளர்வதை யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. கையில் இருப்பது பிரபஞ்சத்துக்குச் சுமார் 140 கோடி வயதானபோதைய ஒரே ஒரு காட்சி. ஆனால் அதை எடை போட முடியும்.

இரவில் கடலுக்குள் தூரத்தில் நிற்கும் படகுகளின் விளக்குகள் கரையிலிருந்து ஒரே வெளிச்சமாகத் தெரியுமே, அப்படித்தான் தென்துருவத் தொலைநோக்கிக்கு இது ஒரே புள்ளி. சிலியில் இருக்கும் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்கள்தான் அதை 14 ஆகப் பிரித்துக் காட்டின. 2018இல் முடிவு வெளிவந்தது. ஒவ்வொன்றின் வேகத்தையும் அதன் வாயு உமிழும் அலைகளை வைத்து அளந்தார்கள். இந்த வேகத்தில் ஓடியும் சிதறாமல் இருக்க எவ்வளவு எடை வேண்டும்? சூரியனைப் போல ஏறத்தாழ பத்து லட்சம் கோடி மடங்கு. அந்த வயதில் அவ்வளவு எடை ஓரிடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம். அது சுற்றியிருப்பதையும் இழுத்துக்கொண்டு கொத்தாகும் என்பது கணினி போடும் கணக்கு. பிழைக்கு இடமுண்டு, ஆனால் ஜோசியம் இல்லை.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் வேறு. சுமார் நாலு லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் 14 கேலக்ஸிகள் (நமக்குப் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவே 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி). ஒவ்வொன்றும் நம் கேலக்ஸியான பால்வீதியைவிட 50 முதல் 1000 மடங்கு வேகத்தில் விண்மீன்களை உருவாக்குகிறது. இன்றைய கொத்துகளின் நடுவிலோ பெரும்பாலும் கிழட்டுக் கேலக்ஸிகள், புதுப் பிறப்பே அரிது. விண்மீன் செய்ய இருந்த வாயுவை அவை அவசரமாகத் தீர்த்துவிட்டன. அப்புறம் கொத்தில் நிரம்பிய சூடான வாயு புதுச் சரக்கைக் குளிர்ந்து சேரவிடவில்லை. எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை.

சரி, தேவனாம்பட்டினம். அந்த 14 தெரியாது. அங்கே விண்மீன் ஒளியைத் தூசி விழுங்கி வெப்பமாக வெளியிடுகிறது. பிரபஞ்சம் விரிய விரிய அந்த வெப்ப அலை நீண்டு, நம்மிடம் மில்லிமீட்டர் அலையாக வருகிறது. காற்றிலுள்ள ஈரம் அதைத் தடுத்துவிடும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கன்னி ராசித் திசையில் இருக்கும் கேலக்ஸிக் கொத்தான கன்னிக் கொத்தைப் பார்க்கலாம். அதன் நடுவிலுள்ள எம்87 என்ற கேலக்ஸி சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவு. சித்திரையில் இரவு பத்து மணி வாக்கில் கடலூருக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும். நாலங்குல அகல வாயுள்ள தொலைநோக்கி போதும், மங்கலான பொட்டாகத் தெரியும். கடற்கரை விளக்குகளுக்கு நடுவே மட்டும் வேண்டாம்; நெல்லிக்குப்பம் பக்கம் ஏதாவது கரும்புக்கொல்லை ஓரமாகப் போங்கள். உத்திர நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி முஷ்டி அளவு கிழக்கே நகர்ந்து தேடுங்கள்.