ஹெலன் அலிங்ஹாம்: சர்ரே கிராம வீடுகளை வரைந்தவர் – கேள்வி பதில்

கேள்வி: இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பதில்: விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் கிராமப்புறத்தை நீர்வண்ணத்தில் வரைந்தவர். 1848-இல் டெர்பிஷயரில், ஸ்வாட்லின்கோட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். 1862-இல் டிப்தீரியா பரவியபோது அப்பாவும் ஒரு தங்கையும் இறந்துபோனார்கள். அம்மா மற்ற பிள்ளைகளோடு பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தார்.

அம்மாவின் சகோதரி லாரா ஹெர்ஃபோர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனில் உள்ள ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் அதுவரை பெண்களைச் சேர்த்ததில்லை. லாரா தன் முழுப்பெயரை எழுதாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஓவியங்களை அனுப்பினார். ஆண் என்று நினைத்து 1860-இல் இடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதவு திறந்ததால்தான் 1867-இல் ஹெலன் அதே பள்ளியில் சேர முடிந்தது.

கேள்வி: படம் வரைந்தே பிழைக்க முடிந்ததா, மேடம்?

பதில்: முடிந்தது. 1870-இல் 'தி கிராஃபிக்' வார இதழில் ஓவியராகச் சேர்ந்தார். 1874-இல் தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவல் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் இவர்தான். அதே வருடம் ஐரிஷ் கவிஞர் வில்லியம் அலிங்ஹாமை மணந்தார். கணவர் இவரைவிட 24 வயது மூத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பத்திரிகை வேலையைக் குறைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த நீர்வண்ணத்துக்கு வந்தார்.

1889-இல் கணவர் இறந்தார். மூன்று பிள்ளைகள். குடும்பம் இவர் தூரிகையை நம்பித்தான் ஓடியது. மறு வருடம் ராயல் நீர்வண்ணச் சங்கம் இவரை முழு உறுப்பினராக்கியது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் இவர்.

கேள்வி: எல்லாப் படத்திலும் பழைய வீடு, தோட்டம், வாசலில் ஒரு பெண். ஏன் இதையே திரும்பத் திரும்ப வரைந்தார்?

பதில்: 1881-இல் சர்ரே மாவட்டத்தில் விட்லிக்குப் பக்கத்திலுள்ள சேண்ட்ஹில்ஸுக்குக் குடிபோனார்கள். சுற்றிலும் நூற்றாண்டுகள் பழைய மரச்சட்ட வீடுகள், ஓட்டு வீடுகள், கூரை வீடுகள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் விவசாயம் படுத்துவிட்டது. தொடர்ந்து மழை கெடுத்த அறுவடைகள், அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த மலிவான கோதுமை. கூலிக்காரர்கள் நகரத்துக்குப் போனார்கள், வீடுகளைப் பழுதுபார்க்க யாரும் செலவழிக்கவில்லை. இன்னொரு பக்கம், ரயிலேறி வந்த லண்டன் பணக்காரர்கள் பழைய வீடுகளை வாங்கி அடையாளமே தெரியாமல் மாற்றினார்கள்.

ஹெலன் அவசரமாக வரைந்ததற்கு இதுதான் காரணம். 1886-இல் லண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற ஓவியக்கூடத்தில் சர்ரே வீடுகளை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தினார். வரைந்த சில மாதங்களுக்குள்ளேயே பல வீடுகள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன, சில இடிக்கப்பட்டுவிட்டன என்று அதன் கையேட்டு முன்னுரை சொல்கிறது. வெறும் அழகுப் படங்கள் என்று இவற்றை ஒதுக்குவதை நான் ஒத்துக்கொள்ளாததும் இதனால்தான். ஓடு எப்படி அடுக்கப்பட்டது, புகைபோக்கி எப்படிக் கட்டப்பட்டது, மரச்சட்டம் எங்கே வளைந்தது என்று ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து வரைந்திருக்கிறார்.

கேள்வி: ஆனால் வறுமை எங்கே? அந்த வீடுகளில் இருந்தவர்கள் ஏழைகள்தானே?

பதில்: நியாயமான கேள்வி. உள்ளே ஈரம், நெரிசல், நோய். இவர் படத்தில் வானம் வெளுத்திருக்கும், ஹாலிஹாக் பூத்திருக்கும், குழந்தையின் ஏப்ரன் சலவை வெள்ளையாக இருக்கும். அதோடு, புதிதாக வைத்த ஜன்னலைப் படத்தில் விட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளில் பார்த்த ஈயச்சட்ட ஜன்னலை வரைவார். ஆகவே இவற்றைப் புகைப்படம்போல நம்பக் கூடாது. கட்டடக்கலையைத் தெரிந்துகொள்ள இவரிடம் போகலாம். கூலிக்காரரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: பர்க்கெட் ஃபாஸ்டரைப் பார்த்து வரைந்தார் என்கிறார்களே?

பதில்: ஃபாஸ்டரும் விட்லியில் வாழ்ந்த ஓவியர், மூத்தவர், தாக்கம் உண்டு. ஆனால் ஃபாஸ்டர் காட்சியைக் கோத்து அமைப்பவர். ஹெலன் அந்தந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர்.

கேள்வி: ஓவியக் கல்லூரி மாணவன் நான். அவருடைய நுட்பத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, முதலில் வண்ணங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒன்பதே வண்ணங்கள்: கோபால்ட் நீலம், ரோஸ் மேடர் (ரோஜாச் சிவப்பு), செபியா (கரும்பழுப்பு), லைட் ரெட் (செங்கல் சிவப்பு), மற்ற ஐந்தும் மஞ்சள் வகை. தனியாகப் பச்சை கிடையாது! அந்தப் புல்வெளி, வேலி, மரம் எல்லாம் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து எடுத்தவை. அதனால்தான் பச்சை கண்ணை உறுத்தாது. அப்புறம், பூசியதை எடுப்பதிலும் கைதேர்ந்தவர். கத்தியால் சுரண்டுவார், ஸ்பாஞ்சால் துடைப்பார், கெட்டியான தூரிகையால் தேய்ப்பார். பழைய சுவரின் சொரசொரப்பு அப்படி வந்ததுதான். ஒரு சிறிய தாளில் செங்கல் சுவர் ஒன்றை இப்படிச் செய்து பாருங்கள்.

கேள்வி: படங்களை எங்கே பார்க்கலாம்?

பதில்: லண்டன் போனால் ஹாம்ப்ஸ்டெட்டில் உள்ள பர்க் ஹவுஸில் நல்ல தொகுப்பு இருக்கிறது. 1888-இல் சர்ரேயை விட்டு அவர் குடிவந்த பகுதி அது. விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் சில உண்டு. போக முடியாதவர்கள் 1903-இல் மார்கஸ் ஹுயிஷ் எழுத்தோடு வந்த 'ஹேப்பி இங்கிலாந்து' நூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அச்சில் வண்ணம் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனாலும் படங்களைப் பெரிதாக்கி ஓடுகளையும் ஜன்னல்களையும் நிதானமாகப் பாருங்கள்.