கறிக்குழம்பில் கல்பாசி போட்டால் ஏன் கசக்கிறது?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்து வறுத்தரைத்த ஆட்டுக்கறிக் குழம்புதான் எங்கள் வீட்டு வழக்கம். முதல்முறையாகக் கல்பாசி வாங்கினேன். முகர்ந்தால் மணமே இல்லை. மல்லி, மிளகாய் வத்தலோடு வறுத்து அரைத்தேன். குழம்பு கறுத்துக் கசந்துவிட்டது. சரக்கு மட்டமா?

பதில்: சரக்கு நல்லதாகத்தான் இருக்கும், போட்ட இடம்தான் தப்பு. கல்பாசிக்குப் பச்சையில் மணம் இருக்காது. சூடான எண்ணெயில் விழுந்தால்தான் வாசம் எழும்பும். மராத்தியில் இதைக் கல்பூ என்ற பொருளில் 'தகட் பூல்' என்பார்கள். ஆனால் இது பூவும் இல்லை, இலையும் இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் ஒன்று. கனம் காகிதம் அளவுதான். மல்லி சிவக்க நாலைந்து நிமிடம் ஆகும். அதற்குள் இது கருகிச் சாம்பலாகிவிடும். போதாக்குறைக்கு அடிப்பக்கம் பிறவியிலேயே கறுப்பு, கருகியதைக் கண் காட்டிக்கொடுக்காது. மூக்கை நம்பித்தான் வறுக்க வேண்டும்.

அரைக் கிலோ கறிக்குக் கட்டைவிரல் நகத்தளவு இதழ் 4 போதும். தாளில் கொட்டி உதறினால் மணலும் பட்டைத் தூளும் உதிரும். கழுவாதீர்கள். பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு எண்ணெயில் வெடிக்கும், மணமும் வராது.

வெங்காயத்தை முதலிலேயே நறுக்கிக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து, சிறு துண்டு பட்டையும் அரை டீஸ்பூன் பெருஞ்சீரகமும் போடுங்கள். பெருஞ்சீரகம் பொரிந்ததும் கல்பாசி. மனதுக்குள் பத்து எண்ணுவதற்குள் ஓரம் சுருண்டு, மழையில் நனைந்த மரப்பட்டையைத் தணலில் காட்டினாற்போல ஒரு வாசம் வரும். அந்த நொடியே சின்ன வெங்காயம் 20ஐயும் கருவேப்பிலையையும் கொட்டிவிட வேண்டும். வெங்காயத்தின் ஈரம் எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும், கல்பாசியும் தப்பிக்கும். வாசம் வந்த பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் கதை முடிந்தது. புகை கிளம்பிவிட்டால் எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அந்தக் கசப்பைத் தேங்காயாலும் மூடி மறைக்க முடியாது.

பிறகு எல்லாம் உங்கள் வழக்கம்தான். வெங்காயம் வதங்கியதும் கறி, மஞ்சள், உப்பு சேர்த்து 5 நிமிடம் பிரட்டி, குக்கரில் 5 அல்லது 6 விசில். 8 வத்தல், 2 மேசைக்கரண்டி மல்லி, நல்லமிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன், அரை மூடி தேங்காய் வறுத்தரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை பத்து நிமிடம் கொதிக்கட்டும். கிராம்பு, ஏலக்காய் வேண்டாம். வறுத்த தேங்காயே கனத்த மணம். அதன்மேல் இவையும் ஏறினால் கல்பாசி போட்ட சுவடே தெரியாது. இலையில் கறுப்பாக மெத்தென்று ஏதாவது தட்டுப்பட்டால் அது வெந்த கல்பாசிதான், தின்னலாம்.

பொடியில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், மற்றதெல்லாம் வறுத்து அடுப்பை அணைத்த பிறகு சட்டியின் சூட்டில் ஒரு புரட்டு, அவ்வளவுதான். ஆனாலும் தாளிப்பில் போட்ட மணம் பொடியில் வராது என்பதே என் கட்சி.

எல்லாக் குழம்புக்கும் இது ஒத்துப்போகாது. புளி ஊற்றிய மீன் குழம்பில் மருந்து வாடை தட்டும். தேங்காய்ப்பாலின் மெல்லிய இனிப்பில் நிற்கும் சொதிக்கு அறவே ஆகாது. மறுவீட்டுச் சொதியில் போட்டால் சம்பந்தி வீட்டார் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. சைவத்தில் சேனைக்கிழங்கு வறுவலுக்கும் காளானுக்கும் பிரமாதமாகச் சேரும், இரண்டு இதழ் போதும்.

வாங்கும்போது 'கல்'பாசி என்று அழுத்திக் கேளுங்கள். சில பலசரக்குக் கடைகளில் கடல்பாசியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது நோன்புக் காலத்தில் மேலப்பாளையம் வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி உறைய வைப்பது, குழம்பில் கரைந்து கூழாகிவிடும். நல்ல கல்பாசி மேலே சாம்பல் நிறம், கீழே கறுப்பு, கசக்கினால் சருகு போல் நொறுங்கும். நமுத்துப்போய்ப் பூசணம் அடித்தால் வாங்க வேண்டாம். 25 கிராம் வாங்கினாலே பை நிறைய இருக்கும். ஈரம் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள்.